அகாபிதோஸ் செத்த இடம்

மெகிஸ்தித் தீவைச் சேர்ந்த அகாபிதோஸ், 1925ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உப்புப்பாறையின் மேல் செத்துப்போனார். அதற்குப் பிறகும் அங்கேயே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஆலிவ் எண்ணெய் விலை ஏறியிருந்தது, கடற்பஞ்சு விலை விழுந்திருந்தது, ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய குடும்பங்கள் மட்டும் நாற்பத்தொன்று. அகாபிதோஸ் கப்பலேறவில்லை. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, பதினேழு ஆடுகள், துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மாடி வீடு, செவஸ்தி என்று ஒரு மனைவி, ஃபோதினி என்று ஒரே மகள். எங்கள் தீவில் வீடு மகளுக்குத்தான். மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆகிற அன்று அப்பன் வாசல் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, தானும் மனைவியும் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட வேண்டும். ஆட்டுக்கொட்டகையோ, மாமியார் வீட்டு மாடியறையோ, அது அவர்கள் பாடு. ஃபோதினிக்கு நிகிதாஸ் என்கிற, கடற்பஞ்சு எடுக்க முக்குளிப்பவனோடு அந்த இலையுதிர் காலத்தில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. வாசல் கதவின் கீல் கத்துகிறது, மகளுக்குக் கொடுக்கிற வீட்டில் கதவு கத்தக் கூடாது, சாயங்காலம் வந்து எண்ணெய் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அன்று காலை அவர் படகில் ஏறினார்.

உப்புப்பாறை எங்கள் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் கிடக்கிறது. முந்நூறு அடி நீளம், நூறடி அகலம், ஒரு காட்டு ஆலிவ் மரம், மழைத்தண்ணீர் தேங்கும் ஒரு குழி. எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படி ஒரு பாறை உண்டு. கால்களைக் கட்டிப் படகில் ஆடுகளைக் கொண்டுபோய் விட்டுவிடுவோம், வேலி தேவையில்லை, நாய் தேவையில்லை. கோடையில் குழி வற்றினால் பீப்பாயில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் செலவு. தீவை அப்போது இத்தாலியர்கள் ஆண்டார்கள். எதிர்க்கரை துருக்கியர்களுடையது. பாறை யாருடையது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியம் ஆடுகளுக்கும் வந்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அகாபிதோஸ் தண்ணீர்ப் பீப்பாயைத் தோளில் தூக்கினார், கீழே வைத்தார், மரத்தடியில் உட்கார்ந்தார், செத்தார். துடுப்பு போட்டுப் போயிருந்த ஸ்தாதிஸ் கத்தியின் அலகை மூக்கடியில் பிடித்துப் பார்த்தான். மூச்சு படியவில்லை. தாடியில் எறும்பு ஏறியது. முகத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு, ஸ்தாதிஸ் ஊருக்கு வந்து சொன்னான். செவஸ்தி போட்ட சத்தத்தில் துறைமுகத்துக் காபிக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பிணத்தை எடுத்துவரக் காவல் அதிகாரி சீட்டு கொடுக்க வேண்டும். இத்தாலிய அதிகாரி ஸ்கார்பா நல்ல மனுஷன், வெயிலுக்குப் பயந்தவன், பூட்ஸைப் பளபளவென்று வைத்திருப்பவன். சீட்டில் இறந்தவர் பெயர் எழுதினான், தேதி எழுதினான், இறந்த இடம் என்று வந்ததும் பேனாவை வைத்துவிட்டான். அவனிடம் இருந்த வரைபடத்தில் உப்புப்பாறை ஒரு புள்ளியாக இருந்தது, புள்ளிக்கு நிறம் இல்லை. எங்கள் தீவுக்கு மஞ்சள், எதிர்க்கரைக்குப் பச்சை, இதற்கு ஒன்றுமில்லை. "அது எங்களுதா இல்லையான்னு ரோட்ஸுல இருக்கற எங்க கவர்னருக்கு எழுதிக் கேக்கணும்" என்றான். "எங்களுது இல்லாத இடத்துல செத்தவருக்கு நான் சீட்டு குடுத்தா நாளைக்கு என் தலை உருளும்." சரி, துருக்கியர்களிடமே கேட்போம் என்று ஸ்தாதிஸ் எதிர்க்கரைக்குப் போனான். அங்கிருந்த அதிகாரி ஹில்மி பே எங்கள் கிரேக்க பாஷை நன்றாகப் பேசுவார், சின்ன வயதில் எங்கள் துறைமுகத்தில் மீன் பிடித்து வளர்ந்தவர். அவர் துக்கம் விசாரித்தார், காபி கொடுத்தார், தன்னுடைய வரைபடத்தை விரித்தார். அதில் அந்தப் புள்ளியே இல்லை. "இல்லாத இடத்துல ஒருத்தர் எப்படிப்பா சாவாரு?" என்று கேட்டுவிட்டு, அவரும் தன் தலைநகரம் அங்காராவுக்கு எழுதினார்.

மூன்று நாள் போயிற்று. ஆகஸ்ட் வெயிலில் மூன்று நாள் என்றால் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் நாள் ஸ்தாதிஸ் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒரு மூட்டை சுண்ணாம்போடு போனான். அகாபிதோஸ் சாக்கை மடித்து அதன் மேல் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தார். நாடி இல்லை, கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது, எறும்புகள் இன்னும் தாடியில்தான் இருந்தன. "மூணு நாளா எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்று கேட்டார். "ஆட்டுக்கு யாரு தண்ணி காட்டறது?" ஸ்தாதிஸ் சுண்ணாம்பு மூட்டையைக் கடலில் போட்டுவிட்டு, அவரைப் படகில் ஏற்றினான். பாதிக் கடல் வரை அகாபிதோஸ் பேசிக்கொண்டே வந்தார். தீவின் துறைமுக முனை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் பேச்சு நின்றது, தலை சரிந்தது, நான்கு நாள் பிணத்தின் நாற்றம் படகு முழுக்க அடித்தது. துறைமுகத்தில் ஸ்கார்பா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, சீட்டு இல்லாத பிணத்தை இறக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினான். ஸ்தாதிஸ் அழுதுகொண்டே திரும்பத் துடுப்பு போட்டான். படகின் அடிப்பாகம் பாறையில் உரசியதும் அகாபிதோஸ் எழுந்து உட்கார்ந்து, "வந்தாச்சா?" என்றார். இதையே மூன்று தடவை செய்து பார்த்தார்கள். மூன்று தடவையும் இதே. எதிர்க்கரைப் பக்கம் கொண்டுபோனாலும் இதே, பாதிக் கடலில் செத்துவிடுவார். ஏதாவது ஓர் அரசாங்கத்தின் கடலுக்குள் போனால் பிணம், பாறையில் இருந்தால் மனுஷன். அதற்கு மேல் எங்களுக்கும் ஒன்றும் புரியவில்லை, புரிந்ததாகச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம்.

ஊர் குழம்பியது. பூசையில் படிப்பதற்காக உயிரோடு இருப்பவர்கள் பெயரை ஒரு தாளிலும் செத்தவர்கள் பெயரை இன்னொரு தாளிலும் எழுதிக் கொடுப்பது வழக்கம். செவஸ்தி இரண்டிலும் அகாபிதோஸ் என்று எழுதிக் கொடுத்தாள். பாதிரியார் முதலில் கோபப்பட்டார், பிறகு படகில் போய் அவரை நேரில் பார்த்துவிட்டு வந்து, இரண்டையும் படித்தார். நாற்பதாம் நாள் வந்தது. துக்கத்துக்குக் கோதுமையை அவித்து, சர்க்கரையும் மாதுளை முத்தும் போட்டு ஊருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் செத்தவருக்கு அவமானம், கொடுத்தால் உயிரோடு இருக்கிறவருக்கு அபசகுனம். செவஸ்தி இரவல் வாங்கிய பெரிய தட்டில் கோதுமையைப் பரப்பி, அதை அவரிடமே கொண்டுபோனாள். அவர் இரண்டு கை அள்ளித் தின்றுவிட்டு, "சர்க்கரை கம்மி" என்றார்.

"உங்களுக்கு எதுலதான் திருப்தி?" என்றாள் செவஸ்தி. "இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினப்பவும் உப்பு கம்மி, காரம் கம்மி. இப்ப உங்க எழவுச் சோத்துக்கும் குறையா? ஏங்க, ஒண்ணு செத்துத் தொலைங்க, இல்ல எழுந்து வீட்டுக்கு வாங்க. ரெண்டுங்கெட்டானா இப்படி உக்காந்திருந்தா நான் என்னன்னு ஊருக்குச் சொல்றது?"

"நான் என்ன வேணும்னா பண்றேன்? செத்துட்டேன்னு ஸ்தாதிஸ் சொல்றான். பொய் சொல்றவனில்ல அவன். அதிருக்கட்டும், கதவுக்கு எண்ணெய் போட்டீங்களா?"

அதற்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் செவஸ்தி போனாள். வீட்டில் தலையிலிருந்து கால் வரை கறுப்பு, படகில் கறுப்பு, பாறை நெருங்கியதும் கறுப்புத் தலைத்துணியை அவிழ்த்து மடியில் ஒளித்துக்கொண்டு நீலத் துணியைக் கட்டிக்கொள்வாள், ஏனென்றால் புருஷன் பார்க்கக் கறுப்பு கட்டக் கூடாது. திரும்பும்போது மறுபடி கறுப்பு. ஒரு நாள் மாற்றிக் கட்டிக்கொண்டு துறைமுகத்தில் நீலத்தோடு இறங்கிவிட்டாள். பெண்கள் ஒரு மாசம் அதையே பேசினார்கள். காபிக்கடையில் நாங்கள் ஆண்களும் பேசினோம், பொய் சொல்வானேன்.

அவதிப்பட்டது ஃபோதினிதான். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டை எழுதிக் கொடுக்கிற சீர்ப் பத்திரம் வேண்டும். அப்பா உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடத் தயாராகத்தான் இருந்தார், ஆனால் எந்த அரசாங்கத்துக்கும் சேராத பாறையில் போட்ட கையெழுத்துக்கு முத்திரை கிடைக்காது என்று ஸ்கார்பாவின் அலுவலகம் சொல்லிவிட்டது. அப்பா செத்திருந்தால் வீடு தானாக மகளுக்கு வரும், ஆனால் அதற்கு இறப்புச் சான்று வேண்டும், அதைத்தான் யாரும் எழுத மாட்டார்கள். நிகிதாஸின் அம்மா கலியோப்பி வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். கிணற்றடியில் எல்லார் முன்னாலும் ஃபோதினியை நிறுத்திக் கேட்டாள்.

"உங்கப்பன் இருக்கான்னா பத்திரம் எங்கடி? இல்லைன்னா நீ ஏன்டி மூணு வருஷத் துக்கத்துக்கு முழுக் கறுப்பு கட்டல? என் மகனைக் கொண்டுவந்து எந்த வீட்டு வாசல்ல நிறுத்தறது?"

"வீடு அங்கேயேதான் இருக்கு, அத்தை. ஓடியா போயிடுச்சு?"

"வீடு இருக்கு. உன் பேர்ல இருக்கா?"

ஃபோதினி குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு. நிகிதாஸ் கெட்டவன் இல்லை, அம்மா பேச்சைத் தட்டாதவன், அவ்வளவுதான். காத்திருக்கிறேன் என்றான். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று காத்திருந்தான், பஞ்சு முக்குளிக்கப் போய் ஒரு காது கேட்காமல் வந்தான், மறுபடி காத்திருந்தான். ரோட்ஸிலிருந்து பதில் வரவில்லை. அங்காராவிலிருந்து, தங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அகாபிதோஸின் பதினேழு ஆடுகள் இருபத்தெட்டாயின. எந்த நாட்டிலும் பிறக்காத அந்தக் குட்டிகள் நன்றாகவே கொழுத்தன, பாலாடைக்கட்டியில் ஒரு குறையும் இல்லை, நானே தின்றிருக்கிறேன்.

ஆறாவது வருஷம், ஈஸ்டருக்கு நாற்பது நாள் இருக்கும்போது, எல்லாம் தலைகீழாயிற்று. இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து நடுக்கடலில் கிடக்கும் பாறைகளைப் பங்கு போடப் போவதாகச் செய்தி வந்தது. ஒரு பாறை உன்னுடையது என்றால் அங்கே நீ என்ன அதிகாரம் நடத்தினாய், காட்டு என்பதுதான் பேச்சு. வரி வாங்கினாயா, வழக்கு விசாரித்தாயா, பிறப்பு எழுதினாயா, இறப்பு எழுதினாயா? மற்றப் பாறைகளில் ஒன்றுமே நடந்ததில்லை. உப்புப்பாறையில் மட்டும்தான் ஒருவர் செத்திருந்தார். ஆறு வருஷமாகச் சீண்ட ஆளில்லாமல் கிடந்த அகாபிதோஸின் சாவு, ஒரே வாரத்தில் இரண்டு அரசாங்கங்களுக்கும் தேவைப்பட்டது. ஸ்கார்பா இறப்புப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃபோதினி வீட்டுக்கு வந்தான், தொப்பியைக் கழற்றினான், இத்தாலிய அரசின் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தான். அவன் போன மறுநாள் ஹில்மி பே ஒரு கூடை உலர்ந்த அத்திப்பழத்தோடு வந்தார். அவர் கக்கத்திலும் ஒரு பதிவேடு. இரண்டிலும் எல்லாம் எழுதி முடித்திருந்தது. நெருங்கிய உறவினர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. செவஸ்திக்கு எழுதத் தெரியாது, ஆகவே ஃபோதினி போட வேண்டும்.

போட்டால் பாறை ஓர் அரசாங்கத்துக்குச் சேர்ந்துவிடும். பாறை ஓர் அரசாங்கத்துக்குச் சேர்ந்தால் அகாபிதோஸ் அங்கேயும் பிணம். படகில் மூன்று தடவை பார்த்ததுதானே. ஆனால் போட்டால் சான்று கிடைக்கும், வீடு கிடைக்கும், இருபத்தெட்டு வயதில் கல்யாணம் கிடைக்கும். போடாவிட்டால் அப்பா இருப்பார், வேறொன்றும் இருக்காது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. செத்தவரைச் சாகவிடு, உன் வாழ்க்கையைப் பார் என்றது ஒரு பக்கம். பெத்த அப்பனைக் கையெழுத்துப் போட்டுக் கொல்வாளா என்றது இன்னொரு பக்கம். நான் காலையில் ஒரு பக்கமும் சாயங்காலம் ஒரு பக்கமும் இருந்தேன்.

ஃபோதினி தனியாகப் படகெடுத்துப் போய் அப்பாவிடமே சொன்னாள். அவர் ஓர் ஆட்டின் குளம்பைச் செதுக்கிக்கொண்டே கேட்டார்.

"போட்டுடும்மா. செத்தவன்தானே நான்? எத்தனை நாளைக்கு உன் வாசல்ல குறுக்க படுத்துக் கிடக்கறது?"

"சும்மா இருங்கப்பா. நான் ஒண்ணும் அதுக்கு வரல."

"பின்ன எதுக்கு வந்தே?"

"தெரியல" என்று சொல்லி அவள் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "எனக்கு எதுவுமே தெரியலப்பா. வீடும் வேணும், நீங்களும் வேணும். இது பேராசையா?"

அகாபிதோஸ் குளிர்ந்த கையை அவள் தலையில் வைத்தார். ஆடு நொண்டிக்கொண்டே போயிற்று, ஏனென்றால் குளம்பைப் பாதியில் விட்டிருந்தார்.

மறுநாள் ஃபோதினி இரண்டு அதிகாரிகளுக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு உப்புப்பாறையில் எனக்குக் கல்யாணம். சீர்ப் பத்திரத்தை அங்கேயே எழுதப் போகிறோம், அதற்கு அதிகாரியின் சாட்சிக் கையெழுத்து வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறவர் பதிவேட்டையும் கொண்டுவரட்டும். யார் வந்தாலும் சரி. ஸ்கார்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு பத்திரத்துக்குச் சாட்சி போடுவதும் அதிகாரம் நடத்துவதுதானே, இறப்பு ஒன்று, பத்திரம் ஒன்று, ஒரே நாளில் இரண்டு ஆதாரம்! எதிர்க்கரையில் ஹில்மி பேயும் அதையே நினைத்தார். முத்திரை கிடையாது என்று ஆறு வருஷம் சொன்ன அலுவலகம் முத்திரையை முதல் நாளே துடைத்துப் பையில் வைத்துவிட்டது.

அந்த ஞாயிறு பதினொரு படகுகள் போயின. பாதிரியார் எந்தத் தயக்கமும் காட்டவில்லை, ஆயருக்கு எழுதிக் கேட்கவும் இல்லை. கலியோப்பி மட்டும் படகை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்து, செத்தவர் கை கொடுத்ததும், "ஐயோ, ஜில்லுன்னு இருக்கே!" என்று கத்திக்கொண்டே இறங்கினாள். இரண்டு விசைப்படகுகள் இரண்டு பக்கமும் வந்து நின்றன. கொடி நடுவதில்லை என்று பேசி வைத்திருந்ததால் அதிகாரிகள் இருவரும் கொடியை மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தார்கள், நெஞ்சு புடைத்துத் தெரிந்தது. ஆட்டுப் புழுக்கையில் ஸ்கார்பாவின் பூட்ஸ் வழுக்கியது. ஹில்மி பே மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். காட்டு ஆலிவ் மரத்தடியில் பாதிரியார் மலர்முடிகளை மூன்று முறை மாற்றிச் சூட்டினார், ஆடு ஒன்று நிகிதாஸின் மலர்முடியைப் பின்னாலிருந்து கடித்தது, மணமக்களுக்குப் பாதாமும் அரிசியும் தூவினோம். அகாபிதோஸ் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஆறு வருஷத்தில் அவருக்கு ஒரு முடி நரைக்கவில்லை, பக்கத்தில் நின்ற செவஸ்தி அவருக்கு அக்கா மாதிரி தெரிந்தாள்.

பிறகு பள்ளிக்கூட வாத்தியார் பத்திரத்தை எடுத்தார். எங்கள் ஊரில் சீர்ப் பத்திரத்தின் முதல் வரி யாருக்கும் காதில் விழாது. நூறு வருஷமாக ஒரே வரி, கல்யாணக் கூட்டத்தில் அந்த நேரத்தில்தான் எல்லாரும் செருமுவார்கள், சட்டையைச் சரிசெய்வார்கள். வாத்தியாரும் பழக்கத்தில் எழுதியதைப் பழக்கத்தில் படித்தார். "அகாபிதோஸ் ஆகிய நான், உயிரோடும் தெளிந்த புத்தியோடும் என் சொந்தக் காலில் நின்று, இந்தச் சாட்சிகள் கண்ணாரக் காண, என் வீட்டை என் மகளுக்குக் கொடுக்கிறேன்." அப்புறம் வீட்டின் எல்லைகள், கட்டில், செப்புப் பாத்திரங்கள், படிக்கட்டு. அகாபிதோஸ் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு யார் முதல் என்று அதிகாரிகளுக்குள் சண்டை வந்தது. ஃபோதினி இரண்டு பேனா கொடுத்தாள். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போடுங்க ஐயா, ஒருத்தருக்கு ஒருத்தர் குறைச்சலில்ல." போட்டார்கள். தேதி போட்டார்கள். இரண்டு முத்திரையும் குத்தியாயிற்று. அகாபிதோஸ் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மகள் கையில் வைத்து, "கதவுக்கு எண்ணெய் போட்டுக்கோம்மா" என்றார்.

ஸ்கார்பா கைகளைத் தேய்த்துக்கொண்டு இறப்புப் பதிவேட்டைத் திறந்தான். ஹில்மி பேயும் திறந்தார். எந்தப் பதிவேட்டில் போடுகிறாய் என்று இருவரும் ஃபோதினியைப் பார்த்தார்கள். அவள் பத்திரத்தின் மை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தாள்.

"எந்தச் சாவுங்க ஐயா?"

"உன் அப்பா. ஆறு வருஷம் முன்னாடி, ஆகஸ்ட்ல."

"இன்னிக்கு அவர் உயிரோட, சொந்தக் கால்ல நின்னதக் கண்ணாரப் பாத்தோம்னு இப்பத்தானே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டீங்க? முத்திரை வேற குத்திட்டீங்களே."

ஸ்கார்பா பத்திரத்தை வாங்கிப் படித்தான். மறுபடி படித்தான். ஹில்மி பே எட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். ஓர் அரசாங்கம் தன் முத்திரையைத் தானே பொய் என்று சொல்ல முடியாது. பத்திரத்தைக் கிழிக்கலாம் என்றால் அதில் அடுத்த அரசாங்கத்தின் முத்திரையும் இருந்தது. உயிரோடு இருப்பவர் பெயரில் இறப்பும் எழுத முடியாது. சாட்சிக் கையெழுத்தை வைத்துப் பாறையைக் கேட்கலாம் என்றால், பக்கத்திலேயே, அதே அளவில், இன்னொருத்தன் கையெழுத்து. ஹில்மி பேதான் முதலில் சிரித்தார். "எம்மா, நீ அங்காராவுல இருக்க வேண்டியவ" என்றார். ஸ்கார்பா சிரிக்கவில்லை, ஆனால் விருந்துக்கு இருந்தான், ஆட்டுக்கறி மூன்று தட்டு சாப்பிட்டான். ஃபோதினி இதைத் திட்டம் போட்டுச் செய்தாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வாத்தியார், நான் வழக்கமான வரியைத்தான் எழுதினேன் என்று பைபிள் மேல் சத்தியம் செய்தார். அவளிடம் கேட்டபோதெல்லாம், எனக்கு வீடு வேணும்னு இருந்துச்சு, வேற ஒண்ணும் யோசிக்கல என்பாள். மறு வருஷம் பங்கு போட்டு வந்த பட்டியலில் உப்புப்பாறை அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.

ஆனால் அன்றைக்கு நடந்தது அதோடு முடியவில்லை. படகுகள் கிளம்பும்போது செவஸ்தியைக் காணோம். தேடினால், அவள் வந்த படகின் அடியில் சுருட்டி வைத்திருந்த மெத்தையை இழுத்துக்கொண்டு பாறை மேல் ஏறிக்கொண்டிருந்தாள். ஃபோதினி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "அம்மா, என்ன பண்றீங்க? வீட்டுல உங்களுக்கு இடமில்லைன்னு யாரு சொன்னா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? சாவி குடுத்தாச்சு. குடுத்த வீட்டுல நான் எதுக்குடி? உங்கப்பா எங்கயோ அங்கதான் என் மெத்தை." பிறகு மரத்தடியில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்துக் கத்தினாள். "ஏங்க, சும்மா பாத்துக்கிட்டே இருக்காம ஒரு பக்கம் பிடிங்க!"

அகாபிதோஸ் எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்தார். அவர்களுக்குள் அதைப் பற்றி வேறு பேச்சு நடந்ததாகத் தெரியவில்லை. அவள் கறுப்புத் தலைத்துணியை அவிழ்த்து, வெயில் மறைக்க மரக்கிளையில் கட்டினாள். ஃபோதினி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், நிகிதாஸ் கேட்கிற காதுப் பக்கமாக அவளை உட்காரவைத்துக்கொண்டான்.

ஃபோதினிக்கு அந்த வீட்டில் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். கதவு கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காபித்தூளும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு பாறைக்குப் போவார்கள், அகாபிதோஸ் பேத்திகளை ஆட்டின் மேல் ஏற்றி விளையாட்டு காட்டுவார், கை ஜில்லென்று இருக்கிறது என்று அதுகள் கூச்சலிடும். அப்புறம் போர் வந்தது. இத்தாலியர்கள் போனார்கள், ஆங்கிலேயர்கள் வந்தார்கள், விமானங்கள் குண்டு போட்டன, ஊரையே படகிலேற்றித் தெற்கே பாலைவனத்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் கூடாரத்தில் இருந்தபோது தீவில் தீ பிடித்தது. யார் வைத்தார்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 1945இல் திரும்பி வந்தபோது துறைமுகத்தைப் பார்த்திருந்த வரிசை முழுக்கக் கரிந்து கிடந்தது. ஃபோதினியின் வீட்டில் முன்சுவர் பாதி நின்றது, மாடி இல்லை, கதவு இருந்த இடத்தில் ஒரு கீல் மட்டும் வளைந்து தொங்கியது. அவள் இரண்டு வருஷம் கழுத்தில் மாட்டியிருந்த சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சாம்பலில் கொஞ்ச நேரம் நின்றாள். அதற்குத்தான் ஆறு வருஷம் காத்திருந்தாள்.

பிறகு ஸ்தாதிஸிடம் படகை வாங்கிக்கொண்டு உப்புப்பாறைக்குப் போனாள். அங்கே ஒரு குண்டும் விழவில்லை, எந்தப் படையின் வரைபடத்திலும் அதற்கு நிறம் இருக்கவில்லை. ஆடுகள் அறுபதுக்கு மேல் இருந்தன. கறுப்புத் துணி வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. செவஸ்தி ஒரு வயதும் ஏறாமல், காபித்தூள் தீர்ந்து இரண்டு வருஷமாகிறது, கேட்பாரில்லை என்று புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஃபோதினிக்கு முன்தலை முழுக்க நரைத்திருந்தது. அகாபிதோஸ் மகளைப் பார்த்துச் சந்தோஷமாக எழுந்து வந்தார்.

"எவ்வளவு நாளாச்சும்மா! வீடு எப்படி இருக்கு?"

செவஸ்தி திட்டுவதை நிறுத்திவிட்டு மகளின் கால்களைப் பார்த்தாள். செருப்பில் சாம்பல் ஒட்டியிருந்தது.

"நல்லா இருக்குப்பா" என்றாள் ஃபோதினி. "கதவு கத்தவே இல்ல."

அகாபிதோஸ் தலையை ஆட்டிக்கொண்டார். செவஸ்தி மெத்தையை இழுத்து, மூன்று பேர் உட்காரும்படி போட்டாள். அடுத்த ஞாயிறு நாங்கள் காபித்தூள் கொண்டுபோனோம்.